சாமி அட்டைகளின் நிழலில் ஒரு கடுவன்

சிவகாசிக்குக் கிழக்கே, சாத்தூர் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஒரு தெருவில் அப்போது நாங்கள் இருவரும் குடியிருந்தோம். இருவர் என்று எழுதும்போதே பிழை நேர்ந்துவிடுகிறது. மூவர் என்பதே சரி. மூன்றாவது ஆள், வெள்ளை உடலில் தோளருகே மட்டும் வெந்தய நிறத்தில் ஒரு திட்டுக் கொண்ட ஆண் பூனை. அதற்குப் பெயர் சூட்டும் எண்ணம் எங்களுக்கு ஏற்படவில்லை. என் மனைவி "ஏலே" என்று கூப்பிட்டால் வரும். தெருவில் நாள் முழுவதும் யாரோ யாரையோ "ஏலே" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். எனினும் அவளுடைய குரலுக்கு மட்டுமே அது தலையைத் திருப்பும்.

செல்போன் எங்கள் தெருவுக்குள் வந்து சேர்ந்த புதிது. அச்சகத்தில் பைண்டிங் வேலையிலிருந்து நின்றுகொண்ட நான், தினசரிக் காலண்டர் அட்டைகளில் தேதித் தாள் கட்டுகளை ஒட்டித் தரும் வேலையை வீட்டிலிருந்தபடியே செய்து வந்தேன். ஆடியில் ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். புரட்டாசி பிறந்துவிட்டால் மார்கழி முடியும்வரை எங்கள் வீட்டில் மனிதருக்கு இடம் குறைந்து தெய்வங்களுக்கு இடம் கூடிவிடும். கூடத்தில் நூறு முருகன், அடுப்படி வாசலில் நூறு லட்சுமி, கட்டிலுக்கு அடியில் பிள்ளையார். பூனை அவற்றுள் மிக உயரமான அடுக்கைத் தேர்ந்து அதன் மேல் படுத்து, பிற்பகல் வெளிச்சத்தில் தங்கத் தாள் மினுங்கும் நடுவே கண்ணைப் பாதி மூடியிருக்கும். அந்த வீட்டை இன்று நினைத்தால், விழித்தபடி நான் கண்ட கனவு அதுதானோ என்று எனக்கே ஐயம் உண்டாகிறது.

என் மனைவி முப்பது ஆண்டுகள் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள். தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக மரச்சட்டத்தில் அடுக்கும் வேலை. அவள் வேலையை விட்டாள். அவளுடைய விரல்கள் விடவில்லை. கண்ணை மூடிச் சிறிது நேரத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் காற்றில் குச்சி பொறுக்கத் தொடங்கும். அந்த அசைவே அவளை எழுப்பிவிடும். மருத்துவர் தந்த மாத்திரைகள் தலைச்சுற்றலைத் தந்தனவேயன்றி உறக்கத்தைத் தரவில்லை. ஒருநாள் மதியம் இந்தப் பூனை தானாகவே வந்து அவளது வலக்கையின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. விரல்கள் அடங்கின. இரண்டு மணிக்குப் படுத்தவள் நான்கு மணிக்கு எழுந்தாள். அன்றுமுதல் அந்த இரண்டு மணி நேரமே அவளுக்கு வாய்த்த உறக்கம் என்றாகிவிட்டது. அந்நேரத்தில் நான் பசைத் தூரிகையைக்கூட ஓசையின்றி வைப்பேன்.

புரட்டாசியில் ஒரு பிற்பகல், கொல்லைப்புறத்திலிருந்து, குழந்தை அலறுவது போலவும் துணி கிழிவது போலவும் ஓர் ஓசை எழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் பூனை மல்லாந்து கிடக்க, அதன் கழுத்தைக் கவ்வியபடி ஒரு கடுவன் பூனை நின்றது. சாம்பலும் கறுப்பும் கலந்த வரி, அகன்ற கன்னம், இடக்காதில் பாதி இல்லை. நான் கத்திய பிறகும் உடனே விடவில்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, எனக்கு இதில் தொடர்பில்லை என்று முடிவு செய்தாற்போல இன்னொரு முறை உலுக்கி, பிறகுதான் விட்டது. கொல்லைச் சுவரில் முந்திய மழைக்காலத்தில் இடிந்துபோன ஓர் இடைவெளி உண்டு. அதில் நாங்கள் செருகி வைத்திருந்த கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு, நடந்தே வெளியேறியது. ஓடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும்.

கழுத்துக் காயம் நான்கே நாளில் சீழ் கட்டிக்கொண்டது. கூடையில் வைத்து அரசுக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஆடுகளும் கறவை மாடுகளும் நின்ற வரிசையில் கூடையோடு நின்ற எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தனர். மருத்துவர் இளையவர்; சிரிக்கவில்லை. சீழை எடுத்து ஊசி போட்டார்.

"வெளிப்பூனை கடிச்சதா? இது சாதுவா வளர்ந்துருச்சு, அதுக்கு ரோட்டுல பொழைக்கிற பொழைப்பு. எல்லை பிடிக்கிற சண்டை இது. அது வர்ற வழிய முதல்ல அடைங்க பெரியவரே."

வழியை அடைப்பது எனக்கு எளிதாகத் தோன்றியது. அந்த எளிமையில்தான் தவறு பிறந்தது.

பக்கத்து வீட்டில் ஓர் அம்மாள் இருந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவியை மதினி என்றும் அழைப்பார். எங்கள் துயரத்தைக் கேட்டதும் அவர் சொன்ன யோசனை இது:

"ஒரு பூனைய வெரட்டவா இம்புட்டு ரோசனை? சரவெடில நாலப் பிச்சுக் கொளுத்திப் போடுங்க அண்ணாச்சி. ஊரத் தாண்டி ஓடிரும்."

"இந்த ஊருப் பூனை வெடிக்கா பயப்படும்? பொறந்த அன்னைக்கே அதுக்கு அதான தாலாட்டு," என்றாள் என் மனைவி.

உண்மைதான். ஊருக்கு வெளியே கம்பெனிகளில் மாலைதோறும் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். வெளியூர் விருந்தாளிகள் திடுக்கிட்டு எழுவார்கள். பூனைகள் காதைக்கூட அசைப்பதில்லை.

எங்கள் அச்சகத்து மேற்பார்வையாளர் முந்திய வாரம் ஒரு கட்டுப் பெரிய அட்டைகளைக் கழிவென்று ஒதுக்கி, ஏதாவது மறைப்புக்கு ஆகும் எடுத்துச் செல்லுங்கள் என்று தந்திருந்தார். அவற்றில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாமல் ஒதுங்கியிருந்தன. முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டைவிட்டு விலகிக் கன்னத்தில் இருந்தது. லட்சுமிக்கு ஒவ்வொரு கண்ணும் இரண்டிரண்டாகத் தெரிந்தது. உறக்கக் கலக்கத்தில் பார்க்கும் தெய்வங்களைப் போல அவை எனக்குத் தோன்றின. மேலே பிளாஸ்டிக் பூச்சு இருந்ததால் ஈரம் தாங்கும். சுவர் இடிந்த இடத்துக்கு மேல் தகரச் சாய்ப்பும் இருந்தது. முள்ளை அப்புறப்படுத்திவிட்டு, அட்டைகளை இரண்டடுக்காக அந்த இடைவெளியின் மேல் சாய்த்து வைத்தேன். முகம் வெளிப்பக்கமா உள்பக்கமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்தது. தெருவுக்கு முதுகு காட்டினாலும் வீட்டுக்கு முதுகு காட்டக் கூடாது என்று அவள் தீர்ப்புச் சொல்ல, தெய்வங்கள் உள்பக்கம் பார்த்து நின்றன.

பக்கத்து வீட்டம்மாள் இரு கொல்லைகளுக்கும் நடுவே இருந்த வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏன் அண்ணாச்சி, செவத்துல சாமிப் படம் இருந்தா ஆம்பளைகதான் ஒண்ணுக்குப் போக மாட்டாக. பூனையுமா பயப்படும்?"

"நீ போய் ஒன் வேலையப் பாரு. எங்க சாமி எல்லாத்தையும் பாத்துக்கிடும்," என்று என் மனைவி சிரித்தாள்.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருந்தால் தீங்கில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. மாலை வெயில் சாய்ப்புக்கு அடியில் புகுந்து தங்கத் தாள்களைத் தொட்டபோது கொல்லை முழுவதும் மஞ்சளாயிற்று. வரிசையாக நின்ற அத்தனை முகங்களைப் பார்த்த அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. ஒவ்வொருவர் நெற்றியிலும் குங்குமம் வைத்து, ஒரு கட்டிச் சூடம் ஏற்றினாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்தக் கணத்தோடு அவை கழிவு அட்டைகள் அல்ல என்றாகிவிட்டது. இதன் பொருள் எங்களுக்கு அடுத்த வாரம்தான் விளங்கியது.

கடுவன் வந்தது. அட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே சாய்வாக ஓர் இடம் உண்டாகியிருந்தது அல்லவா? குளிர்ச்சியும் இருளும் உடைய அந்த இடத்தை அது கண்டுகொண்டது. உள்ளே புகுந்து படுத்தது. மறுநாள் முன்பக்கம் வந்து, முருகனின் பாதங்களுக்குக் கீழே நிமிர்ந்து அமர்ந்தது. நான் கல்லை எடுத்தேன்.

"ஐயோ, சாமி மேல பட்டுராம!" என்று அவள் கையைப் பிடித்தாள்.

கம்பை எடுத்தேன், அதுவும் ஆகாது. துடைப்பத்தை நினைக்கவே கூடாது. வாளி நீரைத் தூக்கினேன். அது கால் கழுவும் நீர். கடைசியில் நான் வெறுங்கையைத் தட்டினேன். பூனை என்னைப் பார்த்தது. நான் ஏதோ பஜனை பாடுவதாக எண்ணியிருக்கலாம். எங்கள் கொல்லையில் எவரும் எதையும் ஓங்க முடியாத ஓர் இடத்தை நாங்களே கட்டி, குங்குமமும் வைத்து அதனிடம் ஒப்படைத்திருந்தோம். அது ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் வாலை உயர்த்தித் தன் நீரைப் பீய்ச்சி, அந்த ஒப்படைப்பை ஏற்றுக்கொண்டது.

வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. "நான் அன்னைக்கே சொன்னேம்ல?"

அட்டைகளை எடுத்து எறிந்துவிடலாமே என்று வாசிப்பவர் கேட்கலாம். சூடம் காட்டிய தெய்வத்தைக் குப்பையிலும் போட இயலாது, பழைய தாள்காரருக்கும் கொடுக்க இயலாது. ஓடுகின்ற நீரில்தான் விட வேண்டும். அவ்வாண்டு ஐப்பசி பாதி கடந்தும் மழை இல்லை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்கிடையில் எங்கள் பூனை இரண்டாம் முறை கடிபட்டது. இம்முறை அடுப்படிக்குள்ளேயே. பின்னங்காலை இழுத்துக்கொண்டு, அடுக்கிய அட்டைகளின் மேல் தாவி, அங்கிருந்து பரணுக்கு ஏறிக்கொண்டது. பிறகு இறங்கவில்லை. "ஏலே" என்று அவள் அழைத்தால் விளிம்பில் ஒரு முகம் தோன்றி, கொல்லைப்பக்கம் மூக்கை நீட்டி, மறுபடியும் பின்வாங்கிவிடும். கிண்ணத்தில் பாலை வைத்து ஏணியில் ஏறிக் கொடுத்தேன். முதலில் குடித்தது. பின்னர் நக்கியது. பின்னர் அதுவும் இல்லை, தண்ணீர் மட்டுமே. மருத்துவர் வீட்டுக்கே வந்து, ஏணியில் ஏறிப் பார்த்து மருந்து தந்தார், காயம் ஆறியது. ஆனால் உணவு இறங்கவில்லை.

"கால் நல்லாயிருக்கு. பயம்தான். பிடிச்சு இறக்காதீங்க, அதுவா இறங்கணும். சாப்பிடாம இன்னும் கொஞ்ச நாள் போச்சுன்னா ஈரல் கெட்டுரும், அப்புறம் எங்கிட்டக் கொண்டாந்தும் பலனிருக்காது," என்றார் மறுமுறை வந்து பார்த்த மருத்துவர்.

தீபாவளி கடந்து கம்பெனிகளெல்லாம் விடுமுறையில் இருந்தன. அந்நாட்களில் எங்கள் ஊர் நீருக்கடியில் மூழ்கிவிட்ட ஊர் போல இருக்கும். லோடு லாரி இல்லை, கம்பெனிச் சங்கொலி இல்லை. ஊர் முழுவதும் மதியத்தில் உறங்கும். அந்த அமைதியில் என் மனைவி பரணுக்குக் கீழே பாய் விரித்து மல்லாந்து கிடந்தாள். அவள் கண்கள் மூடியிருக்கும். விரல்கள் மட்டும் காற்றில் குச்சிகளை எடுத்து எடுத்து வைக்கும். நான் பக்கத்தில் அமர்ந்து அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தேன். என் கைக்குள்ளும் அவை ஓயவில்லை. அவளுடைய கண்ணுக்குக் கீழே கருமை படர்ந்தது. பேசும்போது பாதியில் நிறுத்திவிட்டு, எதைப் பேசினோம் என்று என்னையே கேட்டாள். பூனை போய்விட்டால் இவளும் உறங்காமலே கரைந்துபோவாள் என்ற அச்சம் எனக்குள் புகுந்துகொண்டது.

வழியைக் காட்டியவர் எங்களைக் கேலி செய்துவந்த பக்கத்து வீட்டம்மாளே. பூனையைப் பார்க்க வந்தவர், பரணை அண்ணாந்து பார்த்து நின்று, பிறகு மூக்கைச் சுளித்தார்.

"இங்கன பாருங்க மதினி. நான் கம்பெனிச் சேலையோட போய் நின்னா எங்க வீட்டு ஆடு மூஞ்சியத் திருப்பிக்கிடும். கந்தக வாட. குளிச்சுட்டுப் போனாத்தான் கையில வாங்கித் திங்கும். நாமதான் மூஞ்சியப் பாத்து ஆளு அறியிதோம். அதுக மூக்கால அறியிதுக. ஒங்க கொல்லையில அந்தக் கடுவன் வாட நிக்கிற வரைக்கும் ஒங்க பூனைக்கு இது கடுவன் வீடுதான். எறங்கச் சொன்னா எப்பிடி எறங்கும்?"

இத்தனை நாளும் தெய்வ முகங்களை மட்டுமே நாங்கள் பார்த்திருந்தோம். அதே அட்டைகளில் பூனைக்கு வேறொரு முகம் தெரிந்திருக்கிறது.

கார்த்திகையின் முதல் வாரத்தில் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. ஆனைக்குட்டம் அணையில் நீர் ஏறுகிறது என்றும், இருக்கன்குடியில் ஆறு ஓடுகிறது என்றும் பேருந்தில் வந்தவர்கள் சொன்னார்கள். நான்காம் நாள் காலை அவள் ஒவ்வோர் அட்டையையும் மஞ்சள் நீர்த் துணியால் துடைத்தாள். குங்குமம் போயிற்று, வாடை போகவில்லை. இரண்டு சாக்குகளில் கட்டிக்கொண்டு சாத்தூர் போய், அங்கிருந்து மாரியம்மன் கோயில் உள்ள இருக்கன்குடிக்குப் பேருந்தில் ஏறினோம். பேருந்து நகர்ந்ததும் முன்னிருக்கையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பிறகு பலர் திரும்பினர். நடத்துநர் வந்தார்.

"என்ன பெரியவரே, சாக்குக்குள்ள என்ன?"

"சாமி," என்றேன்.

"சாமியா? சாமி இம்புட்டு நாறுமா?"

"சாமி நாறலய்யா. ஒரு பூனை செஞ்ச வேலை," என்றாள் என் மனைவி.

நடத்துநர் மூக்கைப் பொத்தியபடி டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். "நல்லாயிருங்க. கடைசி சீட்டுக்குப் போயிருங்க. சன்னலத் தொறந்து விடுங்க. ஆத்தா பேரச் சொல்லி ஏறிட்டீக, எறக்கியா விட முடியும்?"

அருச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் நீர் செந்நிறமாக, அவசரமில்லாமல் சென்றுகொண்டிருந்தது. கோயிலுக்கு வந்தவர்கள் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தனர். நாங்கள் அவர்களுக்குக் கீழே, ஆள் இல்லாத கரையாகப் பார்த்து இறங்கினோம். முழங்கால் நீரில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கி, முகம் மேலே பார்க்கும்படி நீரின்மேல் கிடத்தி விட்டாள். கன்னத்தில் உதடு உள்ள முருகன் முதலில் போனான். பின்னால் இரட்டைக் கண் லட்சுமி. மேகத்துக்கு நடுவே வெயில் ஒரு கை அகலத்துக்கு விழுந்தபோது அந்த வரிசை முழுவதும் மினுங்கிற்று. நீர் ஆட்ட ஆட்ட, விலகி நின்ற நிறங்கள் ஒரு நொடி பொருந்துவதாகவும் மறு நொடி விலகுவதாகவும் எனக்குத் தோன்றியது. எதிர்க்கரையில் ஈரச் சேலையோடு நின்ற யாரோ ஒரு பெண், தெய்வங்கள் மிதந்து வருவதைக் கண்டு கை கூப்பினாள். எங்கே போகின்றன, ஏன் போகின்றன என்று அவள் கேட்கவில்லை. ஒரு பிள்ளையார் மட்டும் மணல் திட்டில் ஒதுங்கிக்கொண்டார். நான் வேட்டியை மடித்துக் கட்டிப் போய், மன்னிப்புக் கேட்டுத் தள்ளிவிட்டேன்.

வீடு திரும்பிய மறுநாள், சுவர் இடைவெளியைச் செங்கலும் சேறும் கொண்டு நானே அடைத்தேன். கொத்தனார் பார்த்தால் சிரிப்பார், பூனைக்குப் போதும். சாய்ப்பின் அடியைச் சாணம் கரைத்து மெழுகினாள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அன்று மாலையே கடுவன் சுவர் மேல் ஏறி வந்து குதித்தது. தன் இடத்தைத் தேடியது. தேடிய இடத்தில் பச்சைச் சாணமும் வெள்ளைச் சுவரும் இருந்தன. இப்போது கம்பை ஓங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஓங்கினேன்.

"அடிக்காதீக. இருக்க எடமில்லன்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு," என்றாள்.

அரைக்காதை ஒருமுறை திருப்பி, அது வந்த வழியே ஏறிப் போயிற்று. மறுநாளிலிருந்து அவள் மீன் தலைகளை ஒரு தாளில் பொதிந்து, தெருமுனையில் பூட்டிக் கிடந்த பேப்பர் குடோனின் வாசல்வரை கொண்டு போய் வைக்கத் தொடங்கினாள். எலிக்குப் பஞ்சமில்லாத இடம் அது. மழைக்கு ஒதுங்கக் கூரையும் உண்டு. பக்கத்து வீட்டம்மாள் விடுவாரா?

"விரோதிக்கு விருந்து வைக்கிறீகளோ மதினி?"

"அங்கன தின்னா இங்கன வராதுல்ல," என்றாள் இவள்.

வராமல் இருந்தது என்று முழுமையாகச் சொல்ல இயலாது. சில நாள் சுவர்மேல் நடந்து போகும், நின்று பார்க்கும், இறங்காது. எங்களுக்குள் அவ்வளவுதான் உடன்பாடு.

எங்கள் பூனை உடனே இறங்கிவிடவில்லை. முதல் நாள் விளிம்புக்கு வந்து நெடுநேரம் மோப்பம் பிடித்தது. இரண்டாம் நாள், நான் ஏணியில் ஏறி நீட்டிய கிண்ணத்தில் வாய் வைத்தது. மூன்றாம் நாள் மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. நான் லட்சுமி அட்டை ஒன்றில் தேதிக் கட்டு ஒட்டுவதற்காகப் பசை தடவியிருந்தேன். பரணிலிருந்து அட்டை அடுக்கு, அடுக்கிலிருந்து தரை என்று இரண்டு மெல்லிய ஓசைகள் கேட்டன. திரும்பவில்லை. திரும்பினால் ஏறிவிடும் என்று பயந்தேன். எலும்பு தெரியும் உடலோடு அது முதலில் கொல்லை வாசல்வரை நடந்தது. அங்கே நின்று, சாணமும் சுண்ணாம்பும் ஈர மண்ணும் கலந்து வந்த காற்றை முகர்ந்தது. பிறகு பாயை நோக்கி வந்தது. என் மனைவி அழைக்கவும் இல்லை, அசையவும் இல்லை. விழித்திருக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவள் விரல்கள் மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தன. அது அந்த விரல்களைச் சிறிது நேரம் பார்த்தது. பிறகு அவற்றின் மேல் மோவாயை இறக்கியது.

தேதிக் கட்டை எடுத்து ஒட்டினால் ஓசை வரும். நான் எடுக்கவில்லை. மடியில் வைத்திருந்த அட்டையில் பசை மெல்லக் காய்ந்தது. தூறல் தகரத்தில் விழும் ஒலியும், இரண்டு மூச்சுகளும் மட்டுமே வீட்டில் கேட்டன. நான்கு மணியும் கடந்தது, ஐந்தும் கடந்தது. வெளிச்சம் குறைந்தபோதும் நான் விளக்கைப் போட எழுந்திருக்கவில்லை.